தாடிக்குள் இருந்த மோவாய்

இப்போது எனக்கு மோவாய் இருக்கிறது. ஆபரேஷனில் வந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று நிம்மதியாகச் சவரம் செய்துகொள்கிறேன். முன்பு கீழுதடு முடிகிற இடத்தில் கழுத்து ஆரம்பித்துவிடும். அதை மறைக்கக் கல்லூரி முடித்த கையோடு தாடி வளர்த்தேன். தாடியோடுதான் தாலி கட்டினேன். பத்து வருடம் என் மனைவி அந்தத் தாடியோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

எங்கள் ஒரே மகளுக்கும் மோவாய் சின்னது. அம்மா ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். உறையூருக்கு எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம், "இது நம்ம வீட்டு மொகமே இல்லம்மா, ஒங்க வீட்டு வாகு" என்று மருமகளிடம் சொல்வார். உண்மை அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தாடியைத் தடவிக்கொண்டு பேப்பர் படிப்பேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மகளுக்கு எட்டு வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தது. மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். குழந்தை தேறினால் வீட்டுக்காரர் தாடி மீசையோடு மொட்டை போடுவார் என்று. தன் கூந்தலை நேர்ந்துகொண்டிருக்கலாம். என் தாடிதான் அவளுக்கு இளக்காரம். காய்ச்சல் விட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூவரும் சமயபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

தாடியில் கத்தி பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மனைவி என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்து முடித்து, "எட்டு வருஷங்க" என்றாள்.

தாடி வளர்வதற்குள் வழி பண்ணிவிட நினைத்துத் தில்லைநகரில் ஒரு சர்ஜனைப் பார்க்கப் போனேன். மனைவியும் மகளும் கூடவே வந்தார்கள். நான் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் தப்பு. எலும்பு வளரும் என்று வருடக்கணக்கில் சூயிங்கம் மென்றவன் நான். தாடைச் சதைதான் தடிக்கும் என்றார் டாக்டர். வெளியே தழும்பு தெரியுமே என்றேன். உதட்டின் உள்பக்கம் கீறி எலும்பை நகர்த்தலாம், அல்லது எலும்பின் மேல் மோவாய் வடிவில் ஒரு சின்ன செயற்கைத் துண்டு வைக்கலாம் என்றார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் அது தாடைக்கான வேறு ஆபரேஷன். ஒரே வாரத்தில் ஹீரோ ஆகிவிடலாமா என்று அசடு வழிந்தேன். வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்காகும், உதடு மரத்திருக்கும், சிலருக்கு அந்த மரப்பு போகாமலும் இருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கும் பண்ணுவீங்களா டாக்டர்?" என்றாள் மகள்.

"ஒனக்கு எலும்பு இன்னும் வளருதும்மா. வளர்ந்து முடிஞ்சப்புறம் நீயா ஆசைப்பட்டா வா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வயதில் அவள் இதையெல்லாம் யோசிக்கிறாள்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "பண்ணிக்கங்க, நான் வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி இந்த மூஞ்சியோட அத்தை முன்னாடி போய் நில்லுங்க."

அன்று சாயங்காலமே மூவரும் ஸ்ரீரங்கம் போனோம். மழித்த முகத்தைப் பார்த்ததும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, இவளுக்கு வந்திருக்கிறது என் மோவாய். இனிமே அவ வீட்டைச் சொல்லாதம்மா" என்றேன்.

"தெரியும்டா" என்றார் அம்மா, மெதுவாக. மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் என் மடியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். என் மோவாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் அம்மாவிடம் கேட்டாள்:

"அப்ப நான் நம்ம வீட்டுப் பொண்ணுதானா பாட்டி?"