வெள்ளையடித்த துவைச்சல் கூடம்

ஹோரஸ் டங்வொர்த்துக்குக் கோபம் மூக்கு நுனியில். ஷெஃபீல்டில் எங்கள் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் அச்சுகளுக்குத் துவைச்சல் போட்டவர். கரண்டி, முள்கரண்டி அடிக்கிற எஃகு அச்சைச் சிவக்கக் காய்ச்சி, உப்புத் தண்ணீரில் முக்கி இறுக்குகிற வேலை. சூடு போதுமா என்று நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதற்காகச் சன்னல்களுக்குக் கரி பூசி, நடுப்பகலிலும் கூடத்தை அந்தி மாதிரி வைத்திருந்தார். கதவைச் சாத்தாமல் உள்ளே போனால் நம் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஃபெர்லி என்று ஒரு புது மேனேஜர் வந்தான். மரியாதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்த மாதமே கரியைச் சுரண்டி, சுவருக்கு வெள்ளையடித்து, ஆறு ட்யூப் லைட் மாட்டினான்.

"வெளிச்சத்துல எஃகு மங்கலாத் தெரியும் சார். சூடு பத்தலைன்னு நெனச்சு இன்னும் காய்ச்சிருவேன். அச்சு வெடிச்சிரும்" என்றார் ஹோரஸ்.

"அதுக்குத்தான சூளையில வெப்பமானி இருக்கு, மிஸ்டர் டங்வொர்த்?"

"அது சூளையோட சூட்டச் சொல்லும். எஃகோட சூட்ட யாரு சொல்லுவா, உங்க மாமியாரா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். ஃபெர்லி சிரிக்கவில்லை. "லைட்ட அணைச்சீங்கன்னா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஹோரஸ் லைட்டை அணைக்கவில்லை. நிலக்கரிச் சாக்கு ஒன்றைத் தலைமேல் போட்டு, சூளை வாய் வரைக்கும் இழுத்துவிட்டு, அந்த இருட்டுக்குள் குனிந்து நிறம் பார்த்தார். இருமி இருமி இரண்டு வாரம் அப்படியே ஓட்டினார். ஒரு அச்சும் கெடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து ஓட்டல்காரர்கள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். சூளையில் இருந்தது அவர்களுடைய முள்கரண்டி அச்சு. செதுக்கவே ஆறு வாரம் பிடித்தது. ஃபெர்லி ஓடிவந்து சாக்கைப் பிடுங்கினான். "என்ன வேஷம் இது? அவங்க போறவரைக்கும் இது உங்க தலையில இருக்கக்கூடாது."

அத்தனை வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஹோரஸ் காய்ச்சினார். தண்ணீரில் முக்கினார். தொட்டிக்குள் டிக்கென்று ஒரு சத்தம். அச்சு இரண்டாகப் பிளந்துவிட்டது.

துண்டுகள் என் மேஜைக்கு வந்தன. பரிசோதனை அறையில் அறிக்கைத் தாள் எழுதுவது என் வேலை. சரியாகக் காய்ச்சிய எஃகு உடைந்தால் உள்ளே பட்டுப்போல மழமழவென்று இருக்கும். இது சர்க்கரை மாதிரி மினுமினுத்தது. சூடு மிஞ்சிவிட்டது. ஏன் மிஞ்சியது என்பது பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரியும்.

ஃபெர்லி என் முதுகுக்குப் பின்னால் நின்றான். "காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. எழுதுங்க, எட்னா."

எழுதினேன். வேலை போய்விடுமே என்ற பயம். நான் எழுதியதற்கு வேறு எந்தக் காரணம் சொன்னாலும் பொய்.

மறுநாளே ஹோரஸுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்தார்.

"உள்ள எப்படி இருந்துச்சு, கண்ணு?"

"சர்க்கரை மாதிரி."

"அப்ப நான்தான் அதிகமாக் காய்ச்சிட்டேன்."

"லைட்டாலதான, ஹோரஸ்."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தாள்ல என்ன இருக்கு?"

சொன்னேன்.

"அவன் எழுதினானா, நீ எழுதினியா?"

"நான்தான்."

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அவன் எழுதியிருந்தா மூஞ்சியப் பேத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஃபெர்லியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கண்டபடி திட்டுவேன், ஆள் இல்லாத சமையலறையில் நின்றுகொண்டு. ஆனால் அந்தத் தாளில் கீழே இருக்கிற கையெழுத்து அவனுடையது இல்லை.