மெஷினுக்குத் தெரிந்த ஒரே விரல்

கம்பெனி கேட்டை விட்டு ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே முதல் ஷிப்ட் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஊரே உள்ளே போகிற நேரத்தில் ஒருவன் மட்டும் சாப்பாட்டுப் பையோடு வெளியே நடந்தால் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. இடது கை மோதிர விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடந்தேன். சற்று முன்னால் அந்த விரல் யாருடையது என்று தெரியவில்லை என மெஷின் சொல்லிவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே வேலைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சின்னக் கண்ணாடியில் விரல் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அன்றைக்கு நீங்கள் வந்தவர். சிவப்பு எரிந்தால் உங்கள் உடம்பு அங்கே நின்றாலும் வராதவர். விரல் காய்ந்திருந்தால் மெஷின் எடுக்காது என்று வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொள்வார்கள். முதல் நாள் பார்த்தபோது எல்லோரும் எதையோ யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்துத் திறக்கும் மெஷின் பக்கத்து வாசலில் இருக்கிறது, ஆனால் அது கம்பெனி ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு விரல்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது விரலில் ரேகை இல்லை. எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு உப்பளத்துக்குப் போனேன். பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, கோழிக்கோட்டில் சிமெண்ட் வேலை. ஒவ்வொரு ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலைத் தேய்த்து வாங்கிக்கொண்டது. எந்த ஊரிலும் நிலைத்து இருந்ததில்லை. காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு வேலை பழகியதும் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அன்று மிஞ்சியிருந்தது இடது கை மோதிர விரல் ஒன்று. அதில் மட்டும் மெஷின் பச்சை காட்டியது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பிரபு சிரித்துக்கொண்டே, “இத்த பத்ரமா வெச்சிக்கோ” என்றார்.

கிட்டார் என் அறைக்கு வந்தது தற்செயல். கூட இருந்த நாகர்கோவில் பையன் வெளிநாடு போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாது என்று விட்டுவிட்டுப் போனான். துருப்பிடித்த கம்பிகள், கழுத்தில் ஒரு கீறல். அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கம்பிக்கு அடியில் பனியனைச் செருகி, சத்தம் வராமல் அழுத்திப் பழகினேன். போனில் பார்த்து ஈ மைனர், சி, ஜி, டி என்று ஒவ்வொரு கார்டுக்கும் விரல் அழுத்துகிற இடங்களைத் தெரிந்துகொண்டேன். என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்காது. விரல் நுனி எரிவது மட்டும் தெரியும்.

சாம்சன் அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். ஒரு நாள் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு அவர் ஆட்டோவில் ஏறியபோது பேச்சு வந்தது. அதன்பிறகு ரயில் இல்லாத மத்தியான வேளைகளில் அவர் ஆட்டோவின் பின் சீட்டுத்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. என்னைத் தூத்துக்குடி என்பார். ஊருக்குப் போனால் என்னை மெட்ராஸ் என்கிறார்கள்.

விரல் நுனிகள் தடிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மோதிர விரலில் கம்பி பதிந்த கோடு அழியாமல் நின்றது. காலையில் மெஷின் முன்னால் நிற்கையில் விரலை இரண்டு தடவை தலையில் தேய்த்துக்கொள்வேன். ஒரு தடவையில் பச்சை காட்டிய விளக்கு மூன்று தடவை கேட்டது. அதனால் அந்த விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மற்ற மூன்று விரலால் வாசித்தேன்.

“இன்னா தூத்துக்குடி, மோதிர வெரல வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார் சாம்சன்.

“அது கம்பெனிக்கு வேணும்ணே.”

“கம்பெனிக்கு வெரல நேந்து வுட்டுட்டியா?” பக்கத்து ஆட்டோக்காரர்களும் சிரித்தார்கள். “ஈ மைனர் ரெண்டு வெரல்ல வரும். ஜி வராது, டி வராது. அந்த அழுமூஞ்சி ஈ மைனரையே புட்சிகினு இருந்தியானா எழவு வூட்லதான் வாசிக்கணும். மோதிர வெரல எறக்கு.”

இறக்கவில்லை. வேறு விரல்களை வளைத்து முயன்று பார்த்தேன். ஒரு மத்தியானம், என்னை மீறித்தான், பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு சி-யிலிருந்து ஜி-க்கு மாறினேன். ஆறு கம்பியும் ஒன்றாக, எதுவும் கரகரக்காமல் ஒலித்தன. ஆட்டோவின் தகரம் அதிர்ந்தது முதுகில் தெரிந்தது. சாம்சன் கண்ணாடி வழியாகப் பார்த்து, “இன்னோரு தபா” என்றார். அன்று சீட்டை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. எந்த ஊரிலும் எந்த வேலையிலும் என் கை செய்த ஒன்றை எனக்கே இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அதற்குப் பிறகு பிளாஸ்திரி சுற்றவில்லை.

அடுத்த வாரம், நான் கேட்டை விட்டுத் திரும்பி நடந்த அந்தக் காலையில், மெஷின் சிவப்பு காட்டியது. தலையில் தேய்த்தேன். மூக்கோரத்தில் தேய்த்தேன். பின்னால் வரிசை நீண்டது. “சீக்கிரம் வுடுப்பா” என்று ஒரு குரல். செக்யூரிட்டி என்னைப் பக்கத்தில் நிறுத்தி பிரபுவைக் கூப்பிட்டார்.

பிரபு விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “வெரல இன்னா பண்ண? பாறாங்கல்லு மாறி கீது.”

“கிட்டார் படிக்கேன் சார்.”

“இன்னாது?”

“கிட்டார். கம்பி அழுத்துனதுல தோலு தடிச்சுட்டு.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “லைன்ல எப்பனா எதுனா சொன்னனா உன்ன? நல்லா வேல செய்ற. ஆனா இந்த ஒரு வெரல்தான உனக்கு எண்ட்ரி? வேற வெரலும் ஏறாது. ஒண்ணு பண்ணு. கொஞ்ச நாளு அத்த தொடாத. தோலு உரிஞ்சி புதுசு வந்ததும் வா. உன் எடத்த நான் வெச்சிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “திரும்பி வந்து மறுபடி தட்டிகினு இருந்தியானா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்.”

நல்ல மனிதர். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கோபத்தோடு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன், அது எனக்குப் பழகிய வழி. இடத்தை வைத்திருக்கிறேன் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கூட்டு ரோட்டில் நின்று ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். சாம்சன் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் எனக்காகப் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“வேலைக்கிப் போ” என்றார் அவர். “கிட்டாரு எங்கியும் ஓடாது.”

“திரும்பத் தொட்டா திரும்பத் தடிக்கும்லா?”

“தடிக்கும்.” வண்டியைக் கிளப்பினார். “கிறிஸ்மஸுக்கு வூடு வூடா பாடப் போறப்ப உன்ன கூட்டிகினு போலாம்னு நென்ச்சேன். வுடு, பாத்துக்கலாம்.” ஆட்டோ போன பிறகும் அந்த ‘வுடு’ அங்கேயே நின்றது.

வேலை இல்லாமல் அறையில் கிடக்க எனக்குத் தெரியாது. மறுநாள் காலை, நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் ஆள் வேண்டும் என்றார்கள். நடத்துகிறவர் ஸ்டெல்லா அக்கா. விரல் வைக்கத் தேவையில்லை. அடுப்படியிலிருந்து அவர் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதுதான் வருகைப்பதிவு. பாத்திரம் கழுவுகிற வேலை. தொட்டியில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. சோப்புத் தண்ணீரில் நாள் முழுவதும் ஊறினால் தடித்த தோல் வெளுத்து உரிந்துவிடும். நான் எடுக்க வேண்டிய முடிவைத் தொட்டி எடுத்துவிடும். மற்ற விரல்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மோதிர விரலை மட்டும் நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தட்டுகளைத் தேய்த்தேன்.

அக்கா பார்த்துவிட்டார். “அந்த வெரலுக்கு மட்டும் இன்னாடா, நிச்சயதார்த்தமா?”

விரலைத் தண்ணீருக்குள் விட்டேன். பிரபு வைத்திருக்கும் இடம் நினைவுக்கு வந்தது. அடுத்த தட்டை எடுக்கும்போது ஆட்டோத் தகரம் அதிர்ந்தது முதுகில் நினைவுக்கு வர, விரல் தானாக மேலே வந்தது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் சாப்பிட வரும்வரை அப்படியே கழுவினேன். ஒரு தட்டுக்கு உள்ளே, ஒரு தட்டுக்கு வெளியே.