அன்று வண்டி ஓடியது

அன்று என் வண்டி கெட்டுப்போகவில்லை. நான் பொய் சொன்னேன்.

இதை என் மனைவியும் அறியமாட்டாள். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

என் பழைய காருக்கு ஒரு நோய் இருந்தது. உறவினர் எல்லாருக்கும் தெரிந்த நோய். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். ஓடிச் சூடேறிய பின் எங்கேயாவது நிறுத்தினால் போதும், மறுபடி கிளம்பாது! ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து ஆறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில், மாதா கோயில் வாசலில்... எத்தனை தடவை! பேட்டரியை மாற்றினேன். பெட்ரோல் பம்பை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஈப்போவில், புந்தோங் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் குமார்தான் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"ஆறின வண்டியக் கொண்டாந்தா எனக்கு எப்படிண்ணே தெரியும்? சூட்டோட கொண்டாங்க லா," என்றான்.

பக்கத்து ஊரான கோப்பேங்வரை ஓட்டிப்போய்ச் சூட்டோடு கொண்டுவந்து நிறுத்தினேன். கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான்; பொறி வரவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு சிறு சென்சர்மேல் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினான். உடனே பிடித்தது!

"எஞ்சின் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதாண்ணே. சூடானா செத்துப் போயிடுது. ஆறினா உயிர் வருது."

புதியதை மாற்றினான். அன்று மதியம் முழுதும் ஓட்டினேன், நிறுத்தினேன், மறுபடி சாவியைத் திருப்பினேன். ஒருமுறைகூட அது என்னைக் கைவிடவில்லை.

அந்த மகிழ்ச்சியை வீட்டில் சொல்வதற்குள் அண்ணியின் அழைப்பு வந்தது.

என் அண்ணன் செபஸ்தியான் அப்போது தெலுக் இந்தான் மருத்துவமனையில் கிடந்தார். ஈரலில் புற்றுநோய். அதற்கு முந்தைய ஞாயிறு பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னைய இங்க சாக விட்டுடாத தம்பி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு," என்றார். "நானே வந்து கூட்டிட்டுப் போறேண்ணே," என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு விடுறாங்களாம் தம்பி," என்றார் அண்ணி. "ஆம்புலன்ஸ் வேணாங்குறாரு. தம்பி வண்டியிலதான் வருவேங்குறாரு. வந்துடுவீங்கல்ல?"

"வாரேன் அண்ணி."

காலையில் கிளம்பினேன். போய்விட வேண்டும் என்றுதான் கிளம்பினேன், நம்புங்கள்! பீடோர் தாண்டியது. லங்காப்பும் தாண்டியது. அப்போதுதான் அந்த ஒலி என் காதுக்குள் வந்தது. அந்த ஞாயிறு தாதியர் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்தபோது அவர் தொண்டையிலிருந்து எழுந்த ஒலி... மனித ஒலியே அல்ல அது. சாலையின் ஒவ்வொரு குழியிலும் பின்னிருக்கையிலிருந்து அது எழுமே! வழியிலேயே, என் வண்டியிலேயே, அவர் உயிர் பிரிந்தால்?

செம்பனைக் காட்டோரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

பிறகு செபித்தேன். இது கிளம்பக் கூடாது ஆண்டவரே, என்று! சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் பிடித்தது...

அணைத்தேன். கைப்பேசியை எடுத்தேன்.

"அண்ணி... வண்டி நின்னுடுச்சு. சூடாயிடுச்சு. கிளம்ப மாட்டேங்குது."

"பரவால்ல தம்பி, ஆறட்டும். வந்துகிட்டு இருக்கீங்கன்னு அவருகிட்ட சொல்றேன்."

அண்ணி ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் போயிருப்பேனோ? சற்றுக் கழித்து மறுபடி அழைத்து, இன்று முடியாது, நாளை வருகிறேன் என்றேன். வண்டியை ஈப்போவுக்குத் திருப்பினேன்.

மறுநாள் விடியுமுன் அண்ணன் இறந்துபோனார். அதே வார்டில், அதே கட்டிலில்.

வீட்டுக்குப் போகும் ஆசையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறார். கதவருகே யார் வந்தாலும் "தம்பியா?" என்று கேட்டிருக்கிறார். அடக்கத்தன்று அண்ணிதான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் தேற்றவும் செய்தார்!

"மனச விட்டுடாதீங்க தம்பி. அந்த வண்டி சங்கதி நமக்குத் தெரியாததா? நீங்க என்ன பண்ணுவீங்க..."

ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன்.

அது அச்சமா? அவர் வலியைப் பார்க்கப் பொறுக்காத அன்பா? அன்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி? பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் வேறு பாவங்களை எல்லாம் சொல்லிவிட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை.

கேளுங்கள், இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வண்டி சரியாகிவிட்டது என்று இனி எப்படிச் சொல்வேன்? என்றைக்குச் சரியானது என்று கேட்பார்களே! ஆகையால் உறவினர் வீடுகளில் இன்றும் மூடியைத் திறந்துவைத்து, ஆறுவதற்குக் காத்து நிற்பதுபோல் நடிக்கிறேன்.

சென்ற மாதம் கண் பரிசோதனைக்காக அண்ணியை ஈப்போவுக்கு அழைத்து வந்தேன். தாகம் என்றார். பீடோரில் ஒரு கடையோரம் நிறுத்திச் சாவியில் கை வைத்தேன். அண்ணி பதறி என் கையைப் பிடித்தார்.

"அணைக்காதீங்க தம்பி! சூடா இருக்கு. அப்புறம் கிளம்பாது."

நான் அணைக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கிப் போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன்.