ஆவுடையம்மாளின் விறைப்பு ஸ்ப்ரே

கொச்சி மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், என் அடுத்த வீட்டுக்காரி ஆவுடையம்மாள். துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து க்வில்ட் தைப்பவள். அவள் சேர்த்த மூலைகளில் நூலளவு விலகலும் பார்க்க முடியாது. அந்தக் கர்வமும் அவளுக்கு நிறையவே உண்டு. போன மழைக்காலத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பழியைத் துணியின் தலையில் போட்டாள்.

"காட்டன் ஈரத்துல தொவண்டு போவுது. வெறச்சு நின்னா நேரா வெட்டிடுவேன்" என்றாள். தையலும் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்று பயந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

முதலில் வீட்டுக் கஞ்சியில் முக்கினாள். இந்த ஊரில் உலையில் வேவது சிவப்பு மட்ட அரிசி. வெள்ளைத் துணியெல்லாம் செம்மண் நிறமாயிற்று. பிறகு மகள் மஞ்சுஷா ஒரு கஞ்சி ஸ்ப்ரே வாங்கி வந்தாள். தேய்த்த இடமெல்லாம் வெள்ளைச் செதில், அலமாரியில் கரப்பான்களுக்குக் கல்யாண விருந்து. கஞ்சி சேராத ஸ்ப்ரேதான் மிச்சம். அதைத் தேடி நானும் ஆவுடையம்மாளும் நிகிலின் தையல் சாமான் கடைக்குப் போனோம்.

பிறந்தது முதல் இங்கேயே இருப்பவள், எந்தச் சொல் எந்த பாஷை என்று பிரித்து வைத்ததில்லை. "விறைப்பினு ஒரு ஸ்ப்ரே வேணம்" என்றாள், மேலடுக்கைக் கைகாட்டி. மலையாளத்தில் விறைப்பது என்றால் நடுங்குவது; நடுக்கத்துக்கு ஸ்ப்ரே கேட்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். நிகில் அந்தக் கையையே பார்த்தான்.

"நல்லோணம் விறய்க்குந்நுண்டல்லோ சேச்சி. டாக்டரெ காணிச்சோ?"

நன்றாகவே நடுங்குகிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று அவன் கேட்டதும், அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "துணிக்கு" என்றாள். அவனை ஓர் அறை விடலாம் போல எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் அக்கறையாகத்தான் கேட்டான். பாட்டிலை எடுத்துக் கொடுத்தபோது அவன் முகமும் வாடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் துணியில் தெளித்தாள். கொஞ்சம் ஊறவிட்டு, இழுக்காமல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுத்தாள். கறையில்லை, செதிலில்லை. துணி அட்டைபோல் நின்றது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கத்தரியை எடுத்தாள். வெட்டு கோட்டிலிருந்து விலகியது. இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் விலகியது.

மஞ்சுஷா அவசரமாகப் பழியை ஸ்ப்ரேயின் மேல் போட்டு, "இதும் கொள்ளில்லம்மா, வேற வாங்கலாம்" என்றாள்.

ஆவுடையம்மாள் கத்தரியை மகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வேண்டாம். ஸ்ப்ரே நல்லதுதான்."