மேல்தளத்தில் ஒரு ஜருகண்டி

திருப்பதியில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கும் முனிரத்தினத்துக்கு ஊரில் ஒரு குறையும் கிடையாது. ஊர்ப் பெயர்தான் குறை. வெளியூரில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டு, இவரும் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் போதும். கேட்டவர் முகம் மலரும். குரல் குழையும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, "சார், ஒரு தரிசனம்..." என்று ஆரம்பிப்பார்.

ஏசிக்கு கேஸ் அடைக்கிறவருக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மகராசனும் யோசிப்பதில்லை. புத்தலப்பட்டு ஊர்ச் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சம்பந்திகள், சம்பந்திகளின் மேனேஜர்கள் எல்லோருக்கும் இவர்தான் வழி. வேலூரில் பல் பிடுங்கிய டாக்டர், இவர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுக்கொண்டே கேட்டார். இவர் வலியில் "ஆ" என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே குடும்பத்தோடு வந்து இறங்கினார். முனிரத்தினம் அவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, தர்ம தரிசன வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தார். அவருடைய செல்வாக்கு மொத்தமும் அவ்வளவுதான்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. ஊரையெல்லாம் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிற மனிதர், தான் மலையேறி வருஷக்கணக்காகிறது. கிளம்பும்போதெல்லாம் யாராவது வந்து நிற்பார்கள். மலையைத் தினமும் பார்க்கிறார், மலையப்பனைப் பார்க்கவில்லை. அவருக்கு அது மனசுக்குள் நிஜமான வலி. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஹரிப்ரியா, கல்யாண நாள் பரிசாக அப்பாவையும் அம்மாவையும் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டாள். நடுக்கடலில் எவன் வந்து தரிசனம் கேட்கப் போகிறான் என்று முனிரத்தினம் குஷியாகத்தான் ஏறினார். முதல் நாள் மத்தியானமே சேலத்துக்காரர் ஒருவர், தயிர்சாதக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுவிட்டார். மனைவி கன்னிகா ஊர்ப் பெயரைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்த அறிவிப்பு பட்டது. மேல்தளத்தில் பெரியவர்களுக்கு மட்டும் தனி இடம். குழந்தைகள் வரக்கூடாது, யாரும் பேசக்கூடாது. அதற்குத் தனிக் கட்டணம். தன் கைக்காசைக் கட்டிவிட்டு வந்துதான் கன்னிகாவிடமே சொன்னார்.

"வூட்ல வாய மூடிக்கினு இருந்தா துட்டே ஆவாது. இங்க அதுக்கு தண்டம் கட்டிட்டு வந்து நிக்கிறியே!" என்றார் கன்னிகா.

"எனுக்காக இல்ல கன்னிகா. மத்தவன் வாய மூடறதுக்கு கட்டினேன். ஒருத்தனும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது பாரு!"

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு கன்னிகா அந்தாக்ஷரி விளையாடப் போய்விட்டார்.

மேல்தளத்துக் காவலுக்கு துர்காதேவி என்ற பெண் இருந்தாள். முனிரத்தினத்தின் மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்றைக் கட்டி, சட்டத்தை அவர் காதில் ஓதினாள். முதல் தடவை வாயைத் திறந்தால் எச்சரிக்கைப் பலகை. இரண்டாம் தடவை திறந்தால் பட்டையை வெட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். முனிரத்தினத்துக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார். காற்று, கடல், வாய் பேசாத மனிதர்கள். பெற்ற தாய்கூட இந்த நிம்மதியைக் கொடுத்ததில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து, கட்டம் போட்ட அரை நிக்கரில் அகலமான ஒருவர் வந்து கம்பி ஓரம் நின்றார். கடல் மொத்தமும் மறைந்துபோனது. அவர் போட்டோ எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். முனிரத்தினம் இடது பக்கம் சாய்ந்து பார்த்தார், அவரும் இடது பக்கம் நகர்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார், அங்கேயும் நிக்கர். பொறுமை போய், தன்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஜருகண்டி! ஜருகண்டி!"

சந்நிதியில் கண் நிறையப் பார்ப்பதற்குள் 'நகருங்கள்' என்று முதுகில் விழுகிற தெலுங்குச் சொல். கேட்டால் தெற்கத்திக் கால் தானாக நகரும். நிக்கர்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். தூங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து நாலடி நடந்தே விட்டார். துர்காதேவி ஓடி வந்து பலகையைக் காட்டினாள். ஆனால் விஷயம் அம்பலமாகிவிட்டது. அந்தச் சொல்லை அந்த ராகத்தில் வெளியூர்க்காரனால் சொல்ல முடியாது.

பிறகு நடந்ததில் சட்டம் ஒரு இம்மியும் மீறப்படவில்லை. எல்லோரும் பூனை நடை நடந்து வந்தார்கள். ஒருவர் கையைக் குவித்து லட்டு பிடித்துக் காட்டினார். இன்னொருவர் தலையை மழிப்பதுபோல் கையை ஓட்டிக் காட்டினார். எழுந்து நடந்த அம்மாள் முழங்காலைத் தொட்டு முகத்தைச் சுளித்து, வரிசையில் நிற்க முடியாது என்று உணர்த்தினார். முடியாது, முடியாது என்று முனிரத்தினம் தலையை ஆட்டினார். நம் ஊர்த் தலைக்கு ஒரு சாபம் உண்டு, எப்படி ஆட்டினாலும் சரி என்றுதான் தெரியும். அவர்கள் நன்றியோடு கும்பிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கான பயணிகளைப் பார்த்ததில்லை என்று துர்காதேவி பூரித்து நின்றாள்.

கடைசியாக நிக்கர்காரர் வந்தார். பெயர் வேங்கடாசலம். போனில் எழுதிக் காட்டித்தான் பேசினார். "நீங்கள் கடைசியாக எப்போது சேவித்தீர்கள்?"

முனிரத்தினம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. கையைத் தலைக்குப் பின்னால் வீசி வீசிக் காட்டினார். ரொம்பக் காலம், ரொம்ப ரொம்பக் காலம்.

வேங்கடாசலம் உருகிப்போனார். மறுபடி எழுதினார். "என் தம்பி அங்கே பெரிய பதவியில் இருக்கிறான். உங்களுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். எத்தனை பேர்?"

முனிரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு விரல் காட்டினார். மகள் ஞாபகம் வர, மூன்று. மச்சினிச்சி குடும்பத்தை விட்டால் கன்னிகா வீட்டில் சேர்க்கமாட்டார். மாமனாரை எப்படி விடுவது? பத்து விரலும் தீர்ந்துபோயின. தன் போனையோ, யாரும் கூப்பிடக்கூடாது என்று அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"சார்! பதிமூணு பேரு சார்!" என்று கத்தினார். "மச்சினிச்சி பொண்ணு கைக்கொழந்தைய வெச்சிக்கினு கீது, அதுக்கும் ஆதார் வேணுமா சார்?"

துர்காதேவி கத்தரிக்கோலோடு வந்தாள். முனிரத்தினம் அவளைப் பார்க்காமலே மணிக்கட்டை நீட்டினார். "மலை மேல ரூமுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" பட்டை அறுந்து கீழே விழுந்தது. அவளோடு வாசல் வரை பின்பக்கமாகவே நடந்தார்.

கண்ணாடிக் கதவைச் சாத்திய பிறகும் அந்தப் பக்கத்தில் அவர் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை.