பின்முற்றத்தில் மூட்டிய நெருப்பு

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் கீழ்த்தளத்துக்கு ஓர் ஈரானியப் பெண் குடிவந்தாள். என் வயதுதான். ஷிராஸ் நகரில் சரித்திர ஆசிரியையாக இருந்தவள்; இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை. காலைப் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அரைகுறை ஜெர்மன் மொழியில் ஊர்க்கதை பேசுவோம். அவள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் தமிழாகவே பதிந்திருக்கிறது.

ஷிராஸுக்கு அருகே பழைய பாரசீக மன்னர்களின் அரண்மனை இடிந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் மாணவிகளை அங்கே கூட்டிப்போவாளாம். தூண் நிழலில் இருத்தி, சாப்பாட்டுப் பொதியைப் பிரித்த பிறகுதான் பாடம். ஒருமுறை பள்ளி அதிபர் கூப்பிட்டு, இஸ்லாம் மார்க்கம் வருவதற்கு முந்திய ராசாக்களைப் பற்றி இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்டார். மதகுருமார் ஆளும் நாட்டில் அது வெறும் கேள்வி அல்ல. அடுத்த ஆண்டு அவளுக்குச் சரித்திர வகுப்பே கொடுக்கப்படவில்லை.

"அப்ப கடவுளோட கோபமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நான் இப்பவும் தொழுறனான். அவற்ற பேரில கட்டளை போடுற ஆக்களோடதான் கோபம்."

ஒரு மார்ச் மாதம், அவர்களின் புத்தாண்டுக்கு முந்திய செவ்வாய் மாலை, பின்முற்றத்தில் சுள்ளிகளை மூட்டினாள். நோய் வருத்தத்தின் வெளிறலை நெருப்புக்குக் கொடுத்து, அதன் சிவப்பை வாங்கிக்கொண்டு அதற்கு மேலால் பாய வேண்டுமாம். மிகப் பழைய வழக்கம். அவளுடைய சிறுவயதில் காவல்காரர் வந்து சப்பாத்துக் காலால் மிதித்து அணைப்பார்கள். அவர்கள் போனதும் பிள்ளைகள் புகைக்கு மேலால் பாய்வார்களாம்.

"அம்மா, பொலிஸ் வரப்போகுது!" என்று யன்னலில் நின்று கத்தினாள் என் மகள்.

வந்தவர் கட்டிடத்தைப் பராமரிக்கும் கிழவர். கையில் தண்ணீர் வாளி. அவள் முகம் வெளுத்துப்போனது. நான் முன்னால் போய், இது அவர்களின் புத்தாண்டுச் சடங்கு என்று விளக்கினேன். கிழவர் குனிந்து நெருப்பைப் பார்த்தார்.

"எங்கட கிராமத்திலயும் ஈஸ்டருக்குக் கொளுத்துறது. தேவாலயம் வாறதுக்கு முந்தியே இருந்ததாம். ஆனா அதுக்கு அன்ட்ராக் படிவம் நிரப்பிக் குடுத்து அனுமதி எடுக்கவேணும்." வாளியைக் கீழே வைத்தார். "சரி, கெதியாப் பாயுங்கோ."

அவள் பாய்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோயில் தீமிதிப்பையே தூர நின்று கும்பிடுகிறவள் நான். அன்றைக்கு என்ன துணிவோ, குளிர்கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்துவிட்டேன். கிழவர்கூடச் சிரித்தார்.

அவள் இப்போது கொலோன் நகரில் தம்பியோடு இருக்கிறாள். அவள் இல்லாத பஸ் பயணம் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒருநாள் மாலை தொலைபேசி அடித்தது. அவள்தான்.

"டிவியைப் போடுங்கோ."

போட்டேன். அவளுடைய நகரத்தில் சட்டத்தை மீறி முக்காட்டைக் கழற்றிய இளம்பெண்கள் தெருவை நிறைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தத் தெரு எனக்குத் தெரியும்," என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தெருமுனையில் குங்குமப்பூ ஐஸ்கிரீம் விற்ற கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். செய்தி முடிந்து காலநிலை அறிக்கை வந்த பின்பும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.