பன்னிரண்டாம் வளைவுப் பாட்டு

போடிமெட்டுக்குப் போவதைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பனி, குளிர், படம் எடுக்க எது நல்ல இடம் என்றெல்லாம். நான் எழுதப்போவது 1982 பங்குனியில் நான் போனதை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் முத்துப்பேச்சி மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான்கு வருடம் ஏலக்காய் எடுத்தாள். முந்திய ஆடியில் மஞ்சள்காமாலை வந்து இறந்துபோனாள். வயது இருபத்தொன்று.

அந்தத் தோட்டத்தில் பங்குனி மாதம் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். கோயிலுக்கு முன்னால் காய் உலர்த்தும் வெட்டவெளியில் பெண்கள் கும்மியடிப்பார்கள். பாட்டு எடுத்துக்கொடுத்தவள் முத்துப்பேச்சி. அவளே கட்டிய பாட்டு. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ரோட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு பாட்டாகப் பதினேழு பாட்டு.

தோட்டத்தில் மேல்லயம், கீழ்லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். ஊரில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்காத தெருக்காரர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். கும்மியும் ஒரே வட்டம்தான். நான் போன அந்த வருடம் தையில் கீழ்லயத்துப் பையனும் மேல்லயத்துப் பெண்ணும் சொல்லாமல் மூணாறுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டார்கள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. மேல்லயத்தில் இருந்த என் நாத்தனார் வெள்ளையம்மா ஆளைப் பிடித்துக் கார்டு எழுதிப் போட்டாள். "இந்த வருசம் ரெண்டு வட்டமாம். நாங்க பாட்டெடுத்தா அவுக பின்பாட்டு பாடமாட்டாக. அவுக எடுத்தா நாங்க பாடமாட்டோம். நீ வந்து எடுத்துக் குடு மதினி. பிள்ளையப் பறிகுடுத்தவள யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

எங்கள் ஊர் சிலமலையிலிருந்து காலை ஐந்தரைக்குப் பஸ். போடிக்கு அறுபது பைசா. போடியில் ஆறே முக்காலுக்கு மெட்டு பஸ், இருபத்தேழு கிலோமீட்டர், இரண்டே முக்கால் ரூபாய். முந்தல் வரை சமதரை, காற்றில் புளியம்பூ வாசம். அதற்கப்புறம் ஏற்றம். கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே சொன்னார்.

"ஆத்தா, சன்னல் பக்கம் வந்து உக்காரு. தலைய வெளிய நீட்டிக்க. பின்னாடி இருக்கவுக மேல அடிச்சிராத."

"நான் வாந்தியெடுக்கிற ஆளு இல்ல."

"எல்லாரும் முந்தல்ல இதத்தான் சொல்றாக."

நாலாவது வளைவில் எடுத்தேன். அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். முத்துப்பேச்சி பாட்டில் இதுவும் உண்டு. "அஞ்சாம் வளைவு திரும்பையில வாந்தி வருதடி, அந்தக் கணக்கப்பிள்ளையும் எலுமிச்சம்பழம் மோந்து பாக்குறான்." எனக்கு ஒரு வளைவு முந்தியே வந்துவிட்டது.

வளைவை எண்ணிக்கொண்டே பாட்டை மனசுக்குள் ஓட்டினேன். பதினொன்று வரை வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மறந்துபோய் அல்ல, நான் கேட்டதே இல்லை.

ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அரிசி களைந்துகொண்டே பாடினாள். இடையில் நிறுத்தி அடவு காட்டினாள். "ரெண்டு தட்டு நம்ம கையில. மூணாவது தட்டு பக்கத்துல நிக்கிறவ கையில, ஆத்தா."

"ஒனக்குப் பக்கத்துல எவ நிக்கிறா?"

"கீழ்லயத்துப் பாக்கியம். என் கூடக் காய் எடுக்கிறவ."

"அவ கையிலயா தட்டுற? பாடுனது போதும். ஒலையில அரிசியப் போடு."

அப்போது பதினோராவது வளைவு முடிந்திருந்தது. அரிசியைப் போட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டில் அவள் பாடவில்லை. வருடா வருடம் கும்மிக்குக் கூப்பிட்டாள், நானும் போகவில்லை.

பன்னிரண்டாவது வளைவில் பஸ் நின்றது. ஊற்றுத் தண்ணீர் பிடித்து வண்டிக்கு ஊற்ற அங்கே எப்போதும் நிற்கும் என்றார்கள். பத்து நிமிடம். இறங்கி முகம் கழுவினேன். கீழே போடி, தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்த மாதிரி தெரிந்தது. அங்கே பார்க்க வேறொன்றும் இல்லை.

எட்டரைக்கு மெட்டு. பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு, தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். ஒன்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய். டிரைவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்.

"சேச்சி கும்மிக்கா? இந்தக் கொல்லம், அதான் இந்த வருசம், கும்மி கையில இல்ல, தலையிலதான் விழும்னு சொல்றாங்க. சூட்சிச்சு, பாத்து நில்லுங்க."

ஜீப்பு இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒன்றரை மைல் நடை. ஏலச்செடிக்குள் வெயில் விழாது. மண் ஈரமாகவே இருக்கும், வழுக்கும். ரப்பர் செருப்பில் போகாதீர்கள், நான் இரண்டு தடவை விழுந்தேன்.

மதியம் மூன்றரைக்கு முளைப்பாரிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேல்லயத்துப் பெண்கள் ஒரு பக்கம் வட்டமாக நின்றார்கள், கீழ்லயத்துப் பெண்கள் மறுபக்கம். இடையில் நாலைந்து எட்டுத்தான் இருக்கும். ஆண்கள் கோயில் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வா மதினி, எங்க வட்டத்துல நில்லு" என்றாள் வெள்ளையம்மா.

கீழ்லயத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். "ஏன், இங்கிட்டு முள்ளாக் கெடக்கு?"

"எங்கண்ணன் பொண்டாட்டிய எங்க நிப்பாட்டணும்னு எங்களுக்குத் தெரியும்."

"ஒங்கண்ணன் மகள நாலு வருசம் நாங்கதான் நடுவுல நிப்பாட்டுனோம். அப்ப எங்கிட்டுப் போயிருந்த?"

சொன்னவள்தான் பாக்கியம். மெலிந்த பெண். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. நான் யார் பக்கமும் போகவில்லை. இரண்டு வட்டத்துக்கும் நடுவில் நின்றேன். வேறு யோசனை தோன்றவில்லை.

என் குரல் நல்ல குரல் இல்லை. எடுத்துக்கொடுத்தேன்.

"மொத வளைவு வந்திருச்சு மூச்சு வாங்குதா, அடி, தெருப் பேரை எல்லாம் கீழ எறக்கி வையுங்கடி."

இரண்டு வட்டமும் திருப்பிப் பாடின. ஆனால் மூன்று தட்டையும் அவரவர் கையிலேயே தட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் நிற்பவள் சொந்தக்காரியாக இருந்தும்கூட. அந்தத் தட்டே வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். முத்துப்பேச்சி செய்ததில் பாட்டு மட்டும்தான் மிச்சம். அதையும் நடத்த நான்தான் இருந்தேன்.

பதினொன்று முடிந்தது. கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.

"எனக்குத் தெரியலையே" என்றேன்.

கும்மியில் எடுத்துக்கொடுப்பவள் எதைச் சொன்னாலும் பின்பாட்டு அதையே சொல்லும். அது பழக்கம். நாற்பது பெண்கள் ராகம் போட்டுப் பாடினார்கள்: "எனக்குத் தெரியலையே!"

"அய்யோ, பாட்டு இல்லடி, நெசமாத் தெரியலையே" என்றேன்.

"நெசமாத் தெரியலையே!"

கோயில் பக்கம் நின்ற ஆண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். அந்தச் சிரிப்பிலேயே, யார் எந்த லயம் என்ற நினைப்பு வருவதற்குள், பாக்கியம் அடுத்ததை எடுத்துவிட்டாள்.

"பன்னெண்டாம் வளைவுல எங்காத்தா நிக்கிறா, ஒரு கை குடுத்தா ஏறிருவா, குடுங்கடி கைய."

மேல்லயமும் பின்பாட்டு பாடியது. வெள்ளையம்மாவும் பாடினாள், நான் பார்த்தேன். மூன்றாவது தட்டுக்குப் பாக்கியம் தன் வட்டத்தை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்து என் வலது கையில் தட்டினாள். இடது பக்கம் வெள்ளையம்மா தட்டினாள்.

இரண்டு வட்டமும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நான் நின்ற இடத்தில் மட்டும் ஒட்டியது, 8 என்ற எண்ணைப் போல. அப்படியே பதினேழு வரை பாடி முடித்தார்கள். அடுத்த வருடம் ஒரே வட்டமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் "எனக்குத் தெரியலையே" பாட்டில் சேர்ந்துவிட்டது என்று வெள்ளையம்மா அடுத்த பங்குனிக்குக் கார்டு போட்டாள். பதினோராவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் பாடுகிறார்களாம்.

முத்துப்பேச்சி அந்தப் பன்னிரண்டாம் பாட்டைக் கட்டும்போது நான் உயிரோடு போடிக்குக் கீழேதான் இருந்தேன். நாலு வருடம் நாற்பது பேரிடம் எனக்காகக் கை கேட்டிருக்கிறாள். தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரம். காலை முதல் பஸ்சில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிடும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். மழை மாதத்தில் காலில் அட்டை ஏறும், உப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட் விலையைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் கணக்கு பழைய கணக்கு. பன்னிரண்டாவது வளைவில் இப்போது பஸ் நிற்பதில்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் அங்கே கொஞ்சம் மெதுவாகப் போங்கள். வயதான பெண் யாராவது கை காட்டினால், இடமிருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.